தற்செயலாக ஒரு மலைப் பயணம்

சதீசனையும் பிரியவதனியையும் தற்செயலாகச் சந்திக்க வைப்பதற்கு இரண்டு குடும்பங்களும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டன.

புங்குடுதீவில் பெண்பார்த்தல் நேராக நடப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால், பெண்ணின் பெயர் மறுநாளே வேலணை தாண்டிப் போய்விடும். அதனால் கோயில் வீதியிலோ நகைக்கடையிலோ இரண்டு பக்கமும் எதிர்ப்படும். “அட, நீங்களும் வந்தனீங்களோ!” என்று தாய்மார் வியப்பார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காதது போலப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. கோயிலுக்குப் போனோம், கும்பிட்டோம், வந்தோம்.

இந்த முறை கோயில் போதாது என்று சொன்னவர் சதீசனின் தாய் சிவபாக்கியம். குறிகட்டுவான் இறங்குதுறைச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை அவர்தான் கண்டார். மலைநாட்டு மரபுரிமை ரயில் பயணம். கண்டி, நானுஓயா, எல்ல, பதுளை. நான்கு நாள், வழிகாட்டியுடன். பிரியவதனியின் தாய் யோகம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

“கோயிலிலை ஐயர் தீபம் காட்டி முடியிறதுக்குள்ளை பாத்து முடிக்கவேணும். இதிலை நாலு நாள் ஆறுதலாப் பாக்கலாம்” என்றார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு சுவிஸிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்த சதீசனை ஒருவரும் கேட்கவில்லை. அவன் அங்கே வேலை செய்வதே ஒரு மலை ரயிலில்தான். லீவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டிருந்தால் கடற்கரை என்று சொல்லியிருப்பான்.

பிரியவதனிக்கு முப்பத்திரண்டு வயது. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். தினமும் விடிய முதல் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறுவாள். முதல் வருடம் முழுவதும் கடல் ஒத்துக்கொள்ளாமல் சத்தி எடுத்தாள். இப்போது கம்பியைப் பிடித்து நின்றபடியே நித்திரை கொள்ளப் பழகிவிட்டாள். நெடுந்தீவில் அவள் கால் வைத்ததும் வீட்டுத்திட்டம், ஆட்டுக்கொட்டில், தண்ணீர்க் குழாய் என்று நாலு பேர் பின்னால் வருவார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு ஒரு குளிர் தேசத்தில் போய் ஒருவருக்கும் தேவையில்லாமல் இருக்க அவளுக்கு விருப்பமில்லை.

இது யோகம்மாவுக்குத் தெரியும். ஆனால் இதை அவர் ஒரு காய்ச்சல் போல, தானாக மாறிவிடும் என்றே நினைத்தார். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் குழம்பியதற்கு அதுதான் காரணம். லண்டன்காரரிடமும் கனடாக்காரரிடமும் பிரியவதனி தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: எப்ப திரும்பி வந்து இருப்பியள்? லண்டன்காரர் சிரித்தார். கனடாக்காரர் தன் தாயிடம் சொன்னார்.

“இந்த முறை வாய் திறக்கப்படாது, சொல்லிப்போட்டன்” என்றார் யோகம்மா, பயணப்பையில் புட்டுப் பெட்டியை அடுக்கியபடி. “பெடியன் வாற புதன்கிழமை பிளேன் ஏறுறான். வீட்டை வந்த உடனை நாங்கள் பதில் சொல்லவேணும். சும்மா பாத்திட்டு வா.”

“பாக்கிறன்” என்றாள் பிரியவதனி. அவளுக்கு வேண்டியிருந்தது தனியாகக் கேட்க ஒரு கேள்வி, அதற்கொரு பதில். அது கிடைக்காமல் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

பஸ் புங்குடுதீவிலும் வேலணையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. ஊர்காவற்றுறையிலிருந்து வந்தவர்களை வங்களாவடியில் ஏற்றினார்கள். “அட, நீங்களும் வந்தனீங்களோ!” என்று யோகம்மா வியந்தார். “ஓம் பாருங்கோ, என்ன புதினம்!” என்று சிவபாக்கியம் பதிலுக்கு வியந்தார். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் தங்கள் கையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். ஆனையிறவு தாண்டுவதற்கு முன்பே சாரதி உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

தெரிந்ததனால் எல்லோரும் உதவி செய்தார்கள். உதவிதான் பெரிய இடைஞ்சல். தம்புள்ளையில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கியபோது பிரியவதனி கை கழுவப் போனாள். சதீசனும் போனான். உடனே தண்ணீர்க் குழாயடியில் நின்ற எல்லோரும் கழுவாத கையோடு பின்வாங்கி, மரியாதையான தூரத்தில் வட்டமாக நின்று, மரத்தில் இருந்த ஒரு குரங்கைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இத்தனை காதுகளுக்கு நடுவில் “சவர்க்காரம் இருக்கோ?” என்பதற்கு மேல் எதைக் கேட்பது? சதீசன் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தான். அது நல்ல சகுனம் என்று பஸ்ஸின் பின் இருக்கைகளில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் கண்டியில் ரயில் ஏறினார்கள். வழிகாட்டி நிரோஜன் வேலணைப் பெடியன். சொல்லவேண்டியதை எல்லாம் பாடமாக்கி வந்திருந்தான். மலையே இல்லாத ஊர்க்காரருக்கு மலை காட்டுவது இலேசில்லை. புங்குடுதீவில் உயரம் என்று காட்டக்கூடியது, வீதி திருத்தக் கொட்டியிருக்கும் சல்லிக் குவியல் ஒன்றுதான். ரயில் வளைந்து வளைந்து ஏறத் தொடங்கியதும் பெட்டிக்குள் பேச்சுக் குறைந்தது. ஒரு பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கற்சுவர். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே தேயிலை, அதற்கும் கீழே பனிப்புகார்.

“எல்லாரும் இடப்பக்கம் பாருங்கோ! நீர்வீழ்ச்சி!” என்று நிரோஜன் கத்தினான்.

பெட்டி முழுவதும் எழுந்து இடப்பக்கம் ஓடியது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“ஒரு பக்கமாச் சாயாதேங்கோ! அரைவாசிப் பேர் இங்காலை வாங்கோ! இங்காலை வாங்கோ எண்டுறன்!”

குரல் அம்புறோசுடையது. முப்பது வருடம் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் படகு ஓட்டியவர். நடுக்கடலில் அந்தக் குரல் வந்தால் ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் நனைந்திருக்கிறார்கள். அரைவாசிப் பேர் அந்தக் கணமே திரும்பி ஓடி வலப்பக்கத்தில் இருந்து, கம்பியை இறுகப் பிடித்து, முகத்துக்கு நேரே நின்ற கற்சுவரைப் பார்த்தார்கள். நீர்வீழ்ச்சி போய்விட்டது.

“அண்ணை, இது ரயில்! பிரளாது!” என்றான் நிரோஜன், அழாக் குறையாக.

“படகும் பிரளாதெண்டுதான் ஏறேக்கை எல்லாரும் சொல்லுறவை, தம்பி.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்புறோசுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வளைவில் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரிந்தபோது, சிரித்தவர்களில் சிலர் சத்தம் போடாமல் எழுந்து சுவர்ப் பக்கம் வந்து இருந்தார்கள். யாராவது அங்கே இருப்பது நல்லதுதான் என்று மற்றவர்களுக்கும் பட்டது. நானுஓயாவில் இறங்குவதற்குள் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. காட்சி வந்தால் ஒரு வீட்டில் ஒருவர் பார்க்கப் போவார், ஒருவர் பாரத்துக்கு இருப்பார்.

அந்தக் கட்டளைக்கு அசையாதவர் சிவபாக்கியம் ஒருவர்தான். அவர் ஏறியதிலிருந்து பள்ளத்துப் பக்க யன்னலில் நெற்றியை வைத்தபடியே இருந்தார். கண்டியில் சீவிக் கட்டிய கொண்டை ஹட்டனில் அவிழ்ந்து பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிக் கேட்டார்:

“தம்பி, சுவிஸிலையும் இப்பிடியோடா?”

“ஓம் அம்மா” என்றான் சதீசன் அரை நித்திரையில். அவன் ஆரம்பம் முதலே சுவர்ப் பக்கம்தான்.

யோகம்மாவுக்கு இந்த ஒழுங்கு பெரிய தலையிடி. மகளுக்கு மயில்கழுத்து நிறத்தில் புதுச் சுடிதார் தைப்பித்து, மலைப் பின்னணியில் யன்னலோரம் இருத்தினால் எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டு வந்தவர். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி இருக்கிறான்! “நீ சுவர்ப் பக்கம் போ” என்று மகளை அனுப்பினார். அதே நேரம் சிவபாக்கியம் “என்னடா கல்லைப் பாத்துக்கொண்டு, இங்காலை வந்து நில்” என்று மகனை இழுத்தார். இருவரும் நடைபாதையில் ஒருவரை ஒருவர் விலகிக் கடந்தார்கள். அடுத்த சுரங்கம் தாண்டியதும் தாய்மார் இருவரும் மனம் மாறினார்கள். பிள்ளைகள் மறுபடி கடந்தார்கள். இப்படியே இரண்டு நாள். ஹப்புத்தளைக்குக் கிட்ட, நாலாவதோ ஐந்தாவதோ முறை கடக்கும்போது, சதீசன் மெதுவாகச் சொன்னான்: “படகிலை எண்டால் இதுக்குள்ளை பிரண்டிருப்பம்.” பிரியவதனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க இருமினாள். மலைக் குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று யோகம்மா ஒரு கம்பளிச் சால்வையைக் கொண்டுவந்து புதுச் சுடிதாரை மூடிவிட்டார்.

கடைசி நாள் எல்லயில் ஏறினார்கள். ஒன்பது வளைவுப் பாலம்தான் பயணத்தின் உச்சம் என்று நிரோஜன் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். இரும்பில்லாமல் கட்டியது, மரபுரிமை, உலகமே வந்து படம் எடுக்கிறது. ஒரு சுரங்கம் வந்தது. இருட்டு. வெளிச்சம் வந்ததும் ரயில் ஊர்ந்தது. முன்பெட்டிகள் வளைந்து போவது யன்னலில் தெரிந்தது.

“பாலம்! பாலம்!”

இந்த முறை ஒருவரும் பாரத்துக்கு இருக்கவில்லை. அம்புறோசே எழுந்து போய்விட்டார். போய் எட்டிப் பார்த்தவர், கீழே தெரிந்த ஆழத்தைக் கண்டதும் பழைய குரலில் கத்தினார்: “ரண்டு பேராவது அங்காலை இருங்கோவன்!”

ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய முதுகும் இந்தப் பக்கம். தொலைபேசிகள் எல்லாம் யன்னலுக்கு வெளியே. யோகம்மாகூட மகளை மறந்து எக்கி நின்றார்.

பிரியவதனி திரும்பி வந்து மறுபக்கத்தில் இருந்தாள். சதீசன் அங்கே ஏற்கெனவே இருந்தான்.

“நீங்கள் பாக்கேல்லையோ?” என்றாள்.

“பாலத்திலை நிண்டால் பாலம் தெரியாது. கீழை நிண்டு பாக்கவேணும். அங்கையும் இதுதான், வாற சனம் எல்லாம் பாலத்துக்கு மேலை நிண்டு பாலத்தைத் தேடும்.” அவன் அவள் பக்கம் திரும்பினான். “உமக்கு என்னட்டை என்னவோ கேக்கக் கிடக்குது. தம்புள்ளையிலையே கண்டனான். சவர்க்காரம் எண்டு கேட்டாலும் முகம் வேறையாக் கிடந்தது.”

நேரமில்லை என்று அவளுக்குத் தெரியும். நேராகக் கேட்டாள்.

“கலியாணம் எண்டால் நான் அங்கை வரவேணுமோ? நீங்கள் இஞ்சை வந்து இருப்பியளோ?”

“நீர் அங்கை வரத்தான் ஓம் எண்டனீர் எண்டு அம்மா சொன்னவ.”

“நான் இன்னும் ஓம் எண்டே சொல்லேல்லை. எனக்கு அங்கை வர விருப்பமில்லை. என்ரை வேலை இஞ்சை.”

சதீசன் கைகளை விரித்துக் காட்டினான். சூட்டுத் தழும்புகள் இருந்த கைகள்.

“எனக்கு அங்கை ரயில்வேயிலை பெரிய வேலை எண்டு சொல்லியிருப்பினம். சாப்பாட்டுப் பெட்டியிலை குசினி வேலை. எட்டு வருசம் கோப்பை கழுவினனான், இப்ப சமைக்கவும் விடுறாங்கள். குசினி யன்னல் இவ்வளவுதான்” என்று இரண்டு கையாலும் ஒரு சிறு சதுரம் காட்டினான். “அதுக்குள்ளாலைதான் நான் கண்ட மலை எல்லாம். திரும்பி வரத்தான் ஆசை. எப்ப எண்டு தெரியாது. ரண்டு வருசம் எண்டு சொல்லலாம். பதினொரு வருசத்துக்கு முதலும் ரண்டு வருசம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனான். அதாலை உமக்கு அதைச் சொல்ல வாய் வரேல்லை.”

பாலம் முடிந்துவிட்டது. முதுகுகள் திரும்பின. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மறுபடி யன்னல் பக்கம் திரும்பி, போய் முடிந்துவிட்ட பாலத்தை அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள். “அங்கை பாருங்கோ, எவ்வளவு வடிவு!” என்றார் அம்புறோஸ், ஒரு வாழைத்தோட்டத்தைக் காட்டி. யோகம்மா திரும்ப முயன்றார். அவருடைய தோளை அம்புறோசின் மனைவி மேரிசுகந்தி இறுக்கிப் பிடித்திருந்தார். தெமோதரை வரும்வரை ஒருவரும் திரும்பவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வவுனியா தாண்டும்வரை யோகம்மா பொறுத்தார்.

“என்னடி சொன்னவன்?”

“தெரியாது எண்டவர்.”

“என்ன தெரியாது?”

“எப்ப திரும்பி வருவாரெண்டு.”

“கேட்டிட்டியோ!” யோகம்மா தலையில் கை வைத்தார். “வாய் திறக்காதை எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! இதுவும் போச்சு. மூண்டாவதும் போச்சு.”

“அம்மா, மற்ற ரண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்தது. தெரியாது எண்டு சொன்ன முதல் ஆள் இவர்தான்.”

அது நல்லதா கெட்டதா என்று யோகம்மாவுக்கு விளங்குவதற்குள் பிரியவதனி எழுந்துவிட்டாள். பதிலை வீட்டுக்குப் போய், தரகர் மூலம், நாள் பார்த்துச் சொல்வதுதான் முறை. அவள் ஓடும் பஸ்ஸில் கம்பிகளைப் பிடித்தபடி முன்னுக்குப் போய் சிவபாக்கியத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். பின் இருக்கையில் சதீசன் நிமிர்ந்தான். பஸ்ஸுக்குள் பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

நாலு நாளும் அன்ரி என்று கூப்பிட்டவள், “மாமி” என்றாள்.

சிவபாக்கியம் யன்னலிலிருந்து திரும்பினார்.

“எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. ஆனா நான் சுவிஸுக்கு வரமாட்டன். இவர் இஞ்சை வந்தால் கலியாணம். வரும்வரைக்கும் நான் பாத்துக்கொண்டிருப்பன், ஆனா எத்தனை வருசமெண்டாலும் இருப்பனெண்டு சொல்லமாட்டன். உங்களுக்குச் சம்மதமோ?”

மகன் திரும்பி வருவதைக் கேட்டால் தாய் மகிழ்வாள் என்று பிரியவதனி நினைத்திருந்தாள். சிவபாக்கியத்தின் முகம் சுருங்கிப் போயிற்று.

“அப்ப நான்?” என்றார்.

“நீங்கள் என்ன மாமி?”

“பதினொரு வருசமா படம் அனுப்புறான் பிள்ளை. மலை, பனி, சிவப்பு ரயில். ஒருக்கா வந்து பாக்கட்டோ எண்டால், தனிய வந்து என்ன செய்யப்போறியள் எண்டுறான். கலியாணம் கட்டி, நீர் போய், ஒரு பிள்ளை பிறந்தால் பாக்கிறதுக்கு என்னைக் கூப்பிடுவினம் எண்டு நான் நினைச்சிருந்தனான்.” குரல் தாழ்ந்தது. “நீர் போகாட்டி நான் எப்பிடிப் போறது?”

நாலு நாளும் யன்னலை விட்டு அசையாத அந்த நெற்றியில் தூசு படிந்து ஒரு கோடு இருந்தது. பிரியவதனி தன் சால்வை நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.

“அதுக்கு நான் பிள்ளை பெறவேணுமோ மாமி? நீங்கள் நேராவே போகலாம். விசாவுக்கு என்னென்ன வேணுமெண்டு நான் பாத்துச் செய்து தாறன். மூண்டு மாசம் நிண்டு எல்லா மலையையும் பாருங்கோ. பாத்து முடிஞ்சால் மகனிட்டை நீங்களே கேளுங்கோ, எப்ப வாறாயெண்டு. எனக்குச் சொல்ல அவருக்கு வாய் வரேல்லை. உங்களுக்குச் சொல்லத்தானே வேணும்.”

“நானும் இந்த பஸ்ஸிலைதான் இருக்கிறன்” என்றான் சதீசன் பின்னாலிருந்து.

“நீ சும்மா இரு. நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கிறம்” என்றார் சிவபாக்கியம். பிறகு யன்னல் பக்கம் திரும்பினார். வன்னிக் காடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. “நான் போய் நிண்டும் அவன் வரமாட்டன் எண்டால்?”

“அப்ப கலியாணம் இல்லை மாமி. உங்களுக்கு மலையெண்டாலும் மிஞ்சும்.”

சிவபாக்கியத்துக்கு இந்தப் பெண்ணின் வாய் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை முகத்தில் காட்டிக்கொண்டே, பின் இருக்கைக்குத் திரும்பிக் கேட்டார்:

“டேய், மார்கழியிலை அங்கை குளிர் எப்பிடியடா? நான் சீலையோட சமாளிப்பனோ?”

சதீசன் பதில் சொல்வதற்கு முன் பஸ்ஸில் பாதிப் பேர் பதில் சொன்னார்கள். கால்மேசு இரண்டு சோடி போடவேணும் என்றார் மேரிசுகந்தி. படம் எடுக்க நல்ல போன் ஒன்று வேணும் என்றான் நிரோஜன். சதீசன் எழுந்து வந்து, தாய்க்கும் பிரியவதனிக்கும் பக்கத்தில் நடைபாதையில் நின்றான். ஒருவரும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. “சித்திரையிலை வாங்கோ, அம்மா” என்றான். “அப்ப பனியும் இருக்கும், பூவும் பூக்கும்.” அவன் சொல்லிய முதல் திகதி அது. பிரியவதனி அதை மனதில் வாங்கிக்கொண்டாள்.

மண்டைதீவுச் சந்தி தாண்டிக் கடல் இரண்டு பக்கமும் தெரிந்தபோது யோகம்மாவின் தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து தமக்கை. விஷயம் என்னவாயிற்று என்று அறிய நாலு நாளாகக் காத்திருந்தவர்.

“ஓமோம், சரிவந்த மாதிரித்தான்” என்றார் யோகம்மா, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி. “சுவிஸுக்குத்தான் அக்கா, பின்னை வேறை எங்கை? சித்திரையிலை. ஓம், விசா வேலை தொடங்கப்போறம்.” கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கியது. “இல்லை அக்கா, வதனி இல்லை. சம்பந்தி போறா… வதனியோ? அவள் நாளைக்கு விடிய நெடுந்தீவுக்குப் போறாள்.”